அடுக்களையில் நின்ற மூத்தவள்

தாமிரபரணியின் தென்கால் வாய்க்கால் பாயும் கதலிக்கரை என்ற ஊரில், பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை மாசானத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆவுடையம்மாள், மறுநாள் விடிந்ததும் மாமனாருக்குக் காப்பி போடலாமென்று தலையை அள்ளி முடிந்துகொண்டு அடுக்களைக்குள் போனபோது, அடுப்புக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், வேரெல்லாம் ஈரமண்ணோடு, இடுப்புயரத்துக்கு ஒரு வாழைக்கன்று நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் விரலி மஞ்சள் கோத்த தாலிக்கயிறு இருந்தது. புறவாசல் படியிலிருந்து அடுப்பு வரைக்கும் சேற்றுத் தடம் இருந்தது. ஆவுடைக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. புது மருமகள் முதல்நாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நல்ல பேர் வாங்க வேண்டுமென்று அம்மா ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள், இங்கே தனக்கு முன்னால் ஒருத்தி எழுந்து வந்து நிற்கிறாள்.

மாமனார் கொம்பையா வந்து பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், மரியாதைக்கோ என்னவோ. பிறகு மகனையும் மருமகளையும் உட்காரவைத்து, நாலு நாளாய் நெஞ்சில் வைத்திருந்ததைக் கொட்டினார்.

விஷயம் இதுதான். மாசானத்தின் ஜாதகத்தில் முதல் தாரம் ஒரு வருஷம் தாங்காது, இரண்டாம் தாரம்தான் நிலைக்கும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அதற்கு ஊரறிந்த பரிகாரம் ஒன்று உண்டு. முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, கட்டின கையோடு அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, தாரமிழந்தவன்போல் தலைமுழுகி வந்தால் தோஷம் வாழையோடு போயிற்று. அடுத்து வரும் பெண் இரண்டாவது ஆகிவிடுவாள், தப்பித்துவிடுவாள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் மாசானம் தாலி கட்டினான். ஜோசியருக்கு அடுத்த ஊரில் இன்னொரு விசேஷம் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று, "வெட்டிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். மாசானம் அரிவாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாய்க்காலில் முழுகப் போனான். கொம்பையாவோ நாற்பது வருஷமாய் வாழை வைக்கிறவர். வாழைக்காரன் பெற்ற பிள்ளையை அடித்தாலும் அடிப்பானே தவிர, நோய் நொடி இல்லாத கன்றை வெட்டி வீணாக்க மாட்டான். கன்றைக் கிழங்கோடு பெயர்த்தார், வீட்டுக்குக் கொண்டுவந்தார், கிணற்றடியில் குழி பறித்து நட்டார், கை கழுவினார்.

"நல்ல கன்னுய்யா. வெட்ட மனசு வரல" என்றார்.

"அப்ப வெட்டலியா?" என்றான் மாசானம்.

"நட்டேன்."

கதலிக்கரையில் யாரும் வாழை எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. தாலி கட்டியாயிற்று, கட்டினவன் வீட்டுக்கு வராமல் வேறெங்கே போவாள் என்பதுதான் ஊரின் பேச்சு. கேட்க வேண்டிய கேள்வி வேறு நிறைய இருந்தது. யார் மூத்தவள், யார் இளையவள்? ஒரு வீட்டு மருமகளின் இலையை அறுத்துச் சோறு போடலாமா? சீமந்தம், சடங்கு என்று அழைக்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்கை யார் கையில் கொடுப்பது? இதெல்லாம் ஒரு வாரத்தில் தீர்மானமாயிற்று. வாழை மூத்தவள், ஆவுடை இளையவள். வெற்றிலைத் தட்டு முதலில் வாழையின் அடியில் வைக்கப்படும், பிறகுதான் ஆவுடைக்கு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் இலை அறுத்துக் கட்டுகிற மாசானம் தன் வீட்டில் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டான். வெயில் வேண்டுமே என்று கூரையில் பதினாறு ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள். ஐப்பசியில் அடுக்களைக்குள் மழை பெய்தது, ஆவுடை குடை பிடித்துக்கொண்டு ரசம் தாளித்தாள். ரேஷன் கார்டுக்கு ஆள் சேர்க்க வந்த உதவியாளர், மூத்த மனைவி பெயர் என்ன என்று கேட்டு, நேரில் பார்த்து, கையெழுத்துப் போடத் தெரியுமா என்றும் கேட்டு, படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று வருத்தத்தோடு போய்விட்டார்.

பக்கத்து ஊர்ப் பெண்கள் சிலர் மஞ்சள் குங்குமத்தோடு கும்பிட வந்தார்கள். கொம்பையா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"இது சாமி இல்ல தாயி, மருமவ. சாமின்னா கும்பிட்டுட்டுப் போயிடலாம். மருமவளோட நாங்கல்லா குடித்தனம் பண்ணணும்."

ஜோசியருக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: முதல்தாரத்தின் கணக்கு அப்படியே நிற்கிறது, வருகிற பங்குனி முடிவதற்குள் வாழையை வெட்டியே ஆகவேண்டும், வெட்டாவிட்டால் அந்தச் சாவு வீட்டுக்குள்தான் சுற்றும், வாழைக்கு வராவிட்டால் அடுத்தவளைத் தேடும். ஆவுடையின் அம்மா பொன்னுத்தாய் அன்றைக்கே அரிவாளை எடுத்தாள். ஆனால் வீடேறி வந்தவளை எப்படி வெட்டுவது, ஆடி போகட்டும், புரட்டாசியில் பார்ப்போம், மழைக்கு அப்புறம் பார்ப்போம் என்று எல்லாக் குடும்பங்களும் எல்லாக் காரியத்தையும் தள்ளிப்போடுவதுபோல் அதையும் தள்ளிப்போட்டார்கள்.

ஆவுடை தன் சாவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. இருபத்து மூன்று வயதில் சாவு ஜோசியர் சொல்லும் வார்த்தை. வெற்றிலைத் தட்டு தன்னைத் தாண்டிப் போவது கண்முன் நடப்பது. மாசானம் வேலை முடிந்து வந்ததும் அடுக்களையில் நின்று, வளர்ந்துகொண்டே போகிற அந்த உடம்பில் காய்ந்த மட்டையை ஒவ்வொன்றாய் உரித்துவிடுவான். தொழில் பழக்கம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அவன் விரல்கள் அவ்வளவு மெதுவாய் ஓடுவதை ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புரட்டாசி மத்தியானம், கேட்பாரில்லாத நேரம் பார்த்து, வடித்த கஞ்சியைச் சூடு ஆறாமல் அதன் தூரில் ஊற்றிவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு இலை மஞ்சளாகி மடிந்து தொங்கியது. மாசானம் புழு என்றான். கொம்பையா வெக்கை என்றார். ஆவுடைக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஊரில் ஆளாளுக்கு ஒரு நியாயம் இருந்தது, அதைச் சொல்ல எல்லோரும் இந்த அடுக்களைக்குத்தான் வந்தார்கள். வடநாட்டில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த அவில்தார் தளவாய், கல்கத்தாவில் தசராப் பூசைக்கு ஒரு வாழையை ஆற்றில் குளிப்பாட்டி, சிவப்புக் கரை வைத்த சேலை கட்டி, முக்காடு போட்டுப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள் என்றும், அவள் பிள்ளையாரின் பெண்டாட்டி என்றே சனங்கள் சொல்வார்கள் என்றும் சொன்னார்.

"நம்ம பிள்ளையாரு பிரமச்சாரில்லா?" என்றார் கொம்பையா.

"இங்க பிரமச்சாரி. அங்க சம்சாரி. ரயில்ல ரெண்டு நாள் போனா எல்லாம் மாறிடும் மாமா."

"பூசை முடிஞ்சதும் அந்தப் பொண்டாட்டிய என்ன செய்வாவ?" என்று கேட்டாள் ஆவுடை.

"ஆத்துல விட்டுருவாங்க" என்றார் தளவாய், கொஞ்சம் குரல் இறங்கி.

பக்கத்து வீட்டில் தையல் தைக்கிற சலேத்தம்மாள் குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் வாங்கிய ஓலையைச் சிலுவையாக மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பாள். ஒரு வருஷம் வீட்டைக் காத்த அந்த ஓலையை மறுவருஷம் கோவிலில் சேர்த்து எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் தவக்காலம் பிறக்கிற புதன்கிழமை சாமியார் நெற்றியில் பூசுவார். "ஓலைக்கும் நமக்கும் ஒரே சாம்பல்தாம்மா. அது நமக்காக எரியுறதில்ல, நமக்கு முன்னால எரியுது, அவ்வளவுதான்" என்றாள். அவள் பெரிதாக எதையும் சொல்லிவிட்டதாக நினைக்கவில்லை. ஆவுடையின் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே சொன்னாள்.

ஆவுடையைத் தைத்தது காதர் மீரான் சொன்னதுதான். அவர் இலை வியாபாரி. காயல்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் மாசானத்தின் இலைக்கட்டுகளை லாரியில் ஏற்றுகிறவர். அவருடைய அண்ணன் பாங்காக்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்தார். அந்த நாட்டில் காட்டுவாழைக்குள் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் இருக்கிறாள், பெண்களை ஏமாற்றுகிறவனை அவள் சும்மா விடமாட்டாள் என்று அண்ணன் எழுதியிருந்தாராம். அதைக் கேட்டு மாசானம் இரண்டு எட்டுப் பின்னால் போனான். மீரான் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"எங்க நபி நாயகம் ஒரு பேரீச்சை மரத் தூர்ல சாஞ்சு நின்னுதான் ஜனங்களுக்குப் பேசுவாங்க. அப்புறம் புதுசா மேடை செஞ்சு வந்துச்சு. நாயகம் மேடையில ஏறின அன்னைக்கு, அந்தப் பழைய தூர் குட்டியைப் பறிகொடுத்த ஒட்டகம் மாதிரி அழுதுச்சு. பள்ளிவாசல்ல இருந்த அத்தனை பேர் காதுலயும் விழுந்துச்சாம். நாயகம் கீழ இறங்கி வந்து, அதைக் கட்டிப்பிடிச்சுத் தடவிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் அழுகை அடங்குச்சு."

எல்லோரும் வாழையைப் பார்த்தார்கள். ஆவுடை மட்டும் தன்னைப் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டில் புதிதாய்ச் செய்து வந்த மேடை தான்தானே என்று அவளுக்குத் தோன்றியது.

அதன்பின் அவள் அதனோடு பேசத் தொடங்கினாள். முதலில் அடுப்பு வேலையாய்த்தான்: புளி தீர்ந்துபோச்சு, கேஸ்காரன் இன்னும் வரல. பிறகு மாமனாரின் இருமல், பிறகு மாசானத்தின் கோபம், பிறகு தன் கோபம். புரட்டாசியில் ஊற்றிய கஞ்சியையும் சொல்லி அழுதாள். வாழை பதில் சொல்லவில்லை. அது நடந்து வந்த வாழைதானே தவிரப் பேசுகிற வாழை அல்ல. ஆனால் பதில் சொல்லாமல் கேட்கிற ஆள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

தை மாதம் வாழை பூத் தள்ளியது. பிரித்த ஓட்டு வழியே வந்த வெயிலில், கருஞ்சிவப்பாய்த் தண்டு வளைந்து வந்து, மடல் ஒவ்வொன்றாய் விரிந்து, மாசி பிறந்தபோது எட்டுச் சீப்பு பிஞ்சு எண்ணலாம் என்றாயிற்று. ஊர்ப்பெண்கள் ஏழுவகைச் சோறு ஆக்கிக்கொண்டு வந்து வளையலும் பூட்டிவிட்டுப் போனார்கள். வளையலை எங்கே போடுவது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம், கடைசியில் இலைக்காம்பில் போட்டார்கள். வாழைக்காரர்கள் ஊரில் ஒரு வழக்கம், பிஞ்சுக்குலை தாங்கி நிற்கிற வாழையில் யாரும் அரிவாள் வைக்கமாட்டார்கள். புயலில் சாய்ந்ததைக்கூட முட்டுக் கொடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். குலை முற்ற மூன்று மாசம் ஆகும். ஜோசியர் வைத்த கெடுவோ பங்குனி.

பொன்னுத்தாய் பங்குனி பிறந்ததும் பையோடு வந்து இறங்கிவிட்டாள். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் தும்மினால் எழுந்து நின்றாள்.

"எட்டுச் சீப்பு காய்க்காக எம்பிள்ளையக் குழியில வைக்கச் சொல்லுதியளா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். கொம்பையா சாப்பிடாமல் தோட்டத்திலேயே கிடந்தார். தான் செய்த தவறுக்குத் தன்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லி இசக்கியம்மனிடம் மன்றாடினார் என்று பிறகு தெரிந்தது.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முந்தி, நல்ல வெயிலில், மாசானம் அரிவாளைத் தீட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தான். ஈரத்துணியால் வாழையின் தூரைத் துடைத்தான். அரிவாளை ஓங்கினான், இறக்கினான், மறுபடி ஓங்கினான்.

"பிஞ்சோட வெட்டினதே இல்ல ஆவுடை" என்றான். "ஆனா எனக்கு நீ வேணும்."

அவன் இப்படி வாய்விட்டுச் சொல்வது அந்த ஒரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆவுடைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறைந்த நெஞ்சோடு அவள் வாழையைப் பார்த்தாள். பெருமாளுக்குக் கட்டின துளசிக்கு மாடம் கட்டி விளக்கு வைக்கிறோம். வேம்பை அரசுக்குக் கட்டிவைத்துச் சுற்றி வருகிறோம். மாசானத்துக்குக் கட்டின இவளுக்கு மட்டும் கட்டும்போதே அரிவாள் கையில் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றல்லவா வயிறெரிந்தோம். பிடித்துக்கொண்டு நின்றாள்தான், ஆனால் அது வெட்டு விழுகிற இடம்.

"எனக்குப் பதிலாச் சாகுறதுக்கு ஒருத்தியக் கொண்டுவந்து, என் கையாலயே தண்ணி ஊத்தி வளர்க்க வச்சுட்டியளே" என்றாள். "தள்ளுங்க."

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து தாலிக்கயிற்றைத் தேடினாள். ஒரு வருஷத்தில் வாழை பருத்து, கயிறு மட்டைக்குள் புதைந்து கிடந்தது. நகத்தால் நோண்டினாள். கறை பெருகி விரலில், வளையலில், கல்யாணத்துக்கு வாங்கிய மாம்பழக் கலர் சேலையில் வடிந்தது; வாழைக்கறை போகாது என்று தெரிந்தும் அவள் நகரவில்லை. என்ன செய்கிறாள் என்று முதலில் புரிந்துகொண்டது அம்மாதான்.

"ஏட்டி, அவுக்காத. அவுத்தா அவ வெறும் வாழை. அப்புறம் நீதான்டீ மூத்தவ."

"தெரியும்மா."

"அந்தச் சாவு உன்னையல்லா பாக்கும்."

"பாக்கட்டும். என்னைப் பாத்தே நேரா வரட்டும். இவ பின்னால ஒளிஞ்சு நிக்க என்னால முடியல."

பொன்னுத்தாய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்கக் கையில் கறைதான் ஒட்டியது. முடிச்சு அவிழ்ந்தது. ஆவுடை மஞ்சளும் கயிறுமாய் எடுத்து மாமனாரிடம் கொடுத்தாள். கொம்பையா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்காலில் விடக் கொண்டுபோனார். வாழையில் கயிறு இருந்த இடத்தில் பள்ளமாய் ஒரு வளையம் இருந்தது. மாசானம் அரிவாளோடு நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதான், சத்தமில்லாமல், நெடுநேரம்.

உத்திரத்தன்று கதலிக்கரையில் வீடு காத்துக் கிடக்க யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் அவரவர் குலதெய்வமான சாஸ்தாவைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர்களும் போனார்கள். பொங்கல் வைத்துக் கும்பிட்டு, பொழுது சாயும் முன்னே வீடு திரும்பினால், அடுக்களையில் சிமெண்டுத் தரை பெயர்ந்து ஈரமாய் ஒரு பள்ளம் இருந்தது. அடுப்பிலிருந்து புறவாசல் படிக்கு, படியிலிருந்து கிணற்றடி தாண்டி, தெருவைக் கடந்து, தோட்டத்து வரப்புவரை ஈரமண் சிந்திய தடம். அதன்மேல் அங்கங்கே கண்ணாடி வளையல் துண்டுகள். தடம் வரப்போடு நின்றுவிட்டது. அப்பால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பத்தாயிரம் வாழைகள் நின்றன, அதில் பாதி குலை தாங்கியவை. கழுத்தில் வளையம் இருக்கும் என்று தேடினார்கள். வாழை ஒரு மட்டையை உரித்துப் போட்டால் வளையமும் அதோடு போய்விடும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் தேடினார்கள்.

கெடுநாளான பங்குனிக் கடைசி நாள் வந்தது. பொன்னுத்தாய் மகளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை, கேஸ் அடுப்பைத் தொடவிடவில்லை, தெருவில் லாரி போனால் ஜன்னலைச் சாத்தினாள். பிற்பகலில் ஆவுடைக்குப் பசித்தது. எழுந்து போய்ச் சோறு வடித்து, அப்பளம் பொரித்து, எல்லோருக்கும் போட்டு, தானும் சாப்பிட்டாள். சாகவில்லை. ஜோசியர் நட்சத்திரக் கணக்குப்படி இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது என்றார், அதுவும் போனது, வேறொரு கணக்கு சொன்னார். ஆவுடை அதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஜோசியர் இல்லாத ஊரிலும் பெண்கள் சாகத்தான் செய்கிறார்கள், அதற்காக அடுப்புப் பற்றவைக்காமல் இருக்கிறார்களா? பயம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. எல்லோரிடமும் இருக்கிற அளவுக்கு அவளிடமும் இருந்தது. வெற்றிலைத் தட்டு முதலில் தன்னிடமே வருகிறபோதுதான் அடுக்களை ரொம்பப் பெரிதாய்த் தெரிந்தது.

இதற்கெல்லாம் முன்பே, வாழை போன மறுநாளிலிருந்தே, தோட்டத்தில் தொல்லை தொடங்கிவிட்டது. மாசானத்தால் இலை அறுக்க முடியவில்லை. எந்த வாழையின்முன் நின்றாலும் இவள்தானோ என்று கை நின்றுவிடும். மற்ற அறுப்புக்காரர்களும் அரிவாளைக் கீழே போட்டார்கள்; பிள்ளைத்தாய்ச்சியைத் தெரியாமல் வெட்டின பாவம் யாருக்கு வேண்டும்? நாலு நாள் அறுப்பில்லை. மீரானின் லாரி வெறுமனே வந்து நின்று போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரு நிக்காஹ் விருந்துக்கும், தூத்துக்குடியில் ஒரு ஞானஸ்நான விருந்துக்கும், ஊர்க்கோவில் கொடைக்கும் இலை இல்லை. கடைசியில் தளவாயும் மீரானும் கொம்பையாவும் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு வாழையிடமும் உத்தரவு கேட்டுவிட்டு அறுப்பது. ஊருக்கே நிம்மதியாயிற்று.

மறுநாள் காலை ஊர் கூடி வரப்பில் நின்றது. மாசானம் முதல் வாழையின்முன் போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான்.

"இலை எடுக்க உத்தரவு குடு தாயி" என்று சொல்லி, அதே மூச்சில் அரிவாளைத் தூக்கினான்.

"ஏங்க" என்றாள் ஆவுடை. வரப்பிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "கேட்டுட்டு உடனே ஓங்கினா அது கேட்டதாகுமா? பதில் வர்ற வரைக்கும் நில்லுங்க."

மாசானம் அரிவாளைத் தாழ்த்தினான். காற்றில்லாத காலை நேரம். பத்தாயிரம் வாழையில் ஒரு இலைகூட அசையவில்லை. மீரானின் லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு ஓய்ந்தது. இருவரும் நின்றார்கள்.